முந்நூறு சொற்களில் ஒரு நாவல்

1995-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி, தான் எழுதி முடித்த காதல் கதைக்காக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். ஒரே பக்கம்தான். அதை எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாகப் பல நாட்கள் போயின. பிறகு 25 இலக்கிய ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பினார். அவர்களில் தெரசா பார்க் என்ற, தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த ஏஜென்ட், "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தார். அந்த அக்டோபரிலேயே வார்னர் புக்ஸ் நிறுவனம் பத்து லட்சம் டாலர் கொடுத்து நாவலை வாங்கியது. நாவலின் பெயர் 'தி நோட்புக்'. எழுதியவர் நிக்கோலஸ் ஸ்பார்க்ஸ்.

அந்த ஒரு பக்கத்துக்கு ஆங்கிலப் பதிப்புலகில் க்வெரி லெட்டர் என்று பெயர். 'இப்படி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன், படித்துப் பார்க்க விருப்பமா?' என்று எழுத்தாளர் ஏஜென்ட்டைக் கேட்கும் கடிதம். இதைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. சென்னையிலும் கோவையிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலத்தில் நாவல் எழுதும் தமிழர்கள் பெருகியிருக்கிறார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நாவல்களைக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பாளர்களும் பெருகியிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து நாவலை முடித்தவர்கள், இந்தக் கடிதத்தை மட்டும் ஒரு சாயங்காலத்தில் எழுதி அனுப்பிவிட்டு, பதில் வராமல் சோர்ந்துபோகிறார்கள். அந்தச் சோர்வில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

முதலில், ஏஜென்ட் எதற்கு? தமிழில் எழுதுகிறவருக்கு இப்படி ஓர் இடைமனிதர் தேவைப்பட்டதில்லை. கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு நேராகப் பதிப்பாளரைப் போய்ப் பார்க்கலாம். புத்தகக் கண்காட்சி அரங்கிலேயே பேசி முடிப்பவர்களும் உண்டு. நியூயார்க்கிலும் லண்டனிலும் அந்த வழி அநேகமாக அடைத்துக் கிடக்கிறது. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹாஷெட், மேக்மில்லன் என்ற ஐந்து பெரிய நிறுவனங்களும் பொதுவாக ஏஜென்ட் வழியாக வரும் நாவல்களையே பார்க்கின்றன. எடிட்டருக்கு வரும் குவியலை முன்கூட்டியே சலித்துக் கொடுப்பது ஏஜென்ட்டின் வேலை. ஒப்பந்தத்தைப் பேசுவது, முன்பணத்தைக் கூட்டுவது, திரைப்பட உரிமையையும் அயல்மொழி உரிமையையும் விற்பது, ராயல்டி கணக்கைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1870-களில் லண்டனில் இந்தத் தொழிலைத் தொடங்கிய ஏ.பி.வாட், எழுத்தாளரின் வருமானத்தில் 10 சதவீதம் வாங்கினார். தாமஸ் ஹார்டி, கிப்ளிங், கோனன் டாயில் போன்றவர்கள் அவரிடம் இருந்தார்கள். இன்றைய வழக்கம் உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம். புத்தகம் விற்றால்தான் அவருக்குக் காசு. விற்கும் என்று அவர் நம்பாத நாவலை எடுத்துக்கொள்ளத் தயங்குவது அதனால்தான்.

இனி அந்தக் கடிதம் போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்போம். கேட்காமல் வரும் படைப்புகளின் குவியலை அங்கே ஸ்லஷ் பைல் என்கிறார்கள். ஒரு காலத்தில் அது மேசைக்கு அடியில் அடுக்கிய உறைகள். பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய தன்முகவரி உறையையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது மின்னஞ்சல், பலர் க்வெரிமேனேஜர் போன்ற இணையப் படிவத்தின் வழியாகவே வாங்குகிறார்கள். ஏஜென்ட் பகலெல்லாம் செய்வது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எழுத்தாளர்களின் வேலை. புதிய கடிதங்களைப் படிப்பது மாலையில், வார இறுதியில், ரயில் பயணத்தில். பல அலுவலகங்களில் முதலில் படிப்பவர் ஏஜென்ட்டே இல்லை, ஓர் இளம் உதவியாளர்.

அந்த உதவியாளரைக் குறைவாக எண்ண வேண்டாம். 1995-இல் ஜே.கே.ரவ்லிங், எழுத்தாளர்களுக்கான ஆண்டுக் கையேடு ஒன்றில் கிறிஸ்டோபர் லிட்டில் என்ற பெயரைப் பார்த்து, அது பிடித்துப்போய், அந்த லண்டன் அலுவலகத்துக்கு மூன்று அத்தியாயங்களையும் கதைச்சுருக்கத்தையும் அனுப்பினார். குழந்தைகள் புத்தகத்தில் காசு இல்லை என்பது அந்த அலுவலகத்தின் எண்ணம். கட்டு நேராக நிராகரிப்புக் கூடைக்குப் போனது. அங்கே வேலை பார்த்த பிரையனி எவன்ஸ் என்ற இளம்பெண் அதைக் கையில் எடுத்தார், சுருக்கத்தைப் படித்தார், அத்தியாயங்களைப் புரட்டினார், மீதியையும் வரவழைக்க வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றார். அதன் பிறகும் 12 பதிப்பகங்கள் மறுத்தன. ப்ளூம்ஸ்பரி எடுத்துக்கொண்டது. 1997 ஜூனில் ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் வந்தது. களைத்துப்போன ஒரு வாசகர் சில நொடிகளுக்குள் 'இதில் ஒரு கதை இருக்கிறது' என்று உணர வேண்டும். கடிதத்தின் முழு வேலையும் அவ்வளவுதான். நாவலை விற்பதும் உங்கள் திறமையை நிரூபிப்பதும் அடுத்து வரும் பக்கங்களின் வேலை.

நம்மவர்கள் எழுதிக் காட்டும் கடிதங்களில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது மனு எழுதும் கை. 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று தொடங்குகிறார்கள். தான் பிறந்த ஊர், படித்த படிப்பு, சின்ன வயதிலிருந்தே எழுத்தில் இருந்த ஆர்வம், இந்த நாவலுக்காகப் பட்ட பாடு, குடும்பத்தின் தியாகம் எல்லாம் இரண்டு பத்தி ஓடுகிறது. கடைசியில் 'தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்'. தலைமுறை தலைமுறையாகத் தாலுகா அலுவலகத்துக்கும் கல்லூரி முதல்வருக்கும் விண்ணப்பம் எழுதிப் பழகிய ஆங்கிலம் இது. அந்த ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கீழே நிற்கிறார், படிக்கிறவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். ஏஜென்ட்டுக்கும் எழுத்தாளருக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதல்ல. உங்கள் வருமானத்தில் பங்கு வாங்கிக்கொண்டு உங்களுக்காக உழைக்கப்போகிறவர் அவர். இரண்டு தொழில்காரர்கள் பேசிக்கொள்ளும் தொனி போதும்: மரியாதை வேண்டும், குழைவு வேண்டாம். ஏஜென்ட்டின் பெயரைச் சரியான எழுத்துகளில் போட்டு, நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

விஷயம் என்றால் கதை. மொத்தக் கடிதமும் 250 முதல் 350 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் கதைக்கே ஒதுக்க வேண்டும். இங்கேதான் நல்ல எழுத்தாளர்களும் தடுமாறுகிறார்கள்.

கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர்கள் தயாரிப்பாளரிடம் சொல்லும் 'ஒன்லைன்' தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த கலை. க்வெரியின் நடுப்பத்தி அதற்கு நெருங்கிய உறவு. யார் இவர், என்ன வேண்டும் இவருக்கு, எது குறுக்கே நிற்கிறது, எந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடிக்கு வந்து நிற்கிறார், தவறினால் எதை இழப்பார். இவை தெரிந்தால் கதை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வெறும் விதியாகச் சொன்னால் பிடிபடாது. ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். 'கொழுந்து' என்று பெயர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது, நீலகிரியில் நடக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் இதற்கு இப்படி ஒரு க்வெரி எழுதுவார்கள்:

'கொழுந்து, மலையகத் தமிழர்களின் வேரற்ற வாழ்வையும் அடையாளத் தேடலையும் பெண்ணின் மௌனத் துயரத்தையும் மூன்று தலைமுறைகளின் வழியே பேசும் காவியம். சொந்த மண் எது என்ற கேள்வியை இந்நாவல் ஆழமாக ஆராய்கிறது. வீடு என்பது நாம் பிறந்த இடமா, நம்மை ஏற்றுக்கொண்ட இடமா? லெட்சுமி, முத்தையா, செல்வம், காளியம்மா, கங்காணி பெருமாள், கிளார்க் டேவிட் ஆகியோரின் வாழ்க்கைகள் பின்னிப் பிணைந்து, வாசகர் மனத்தை விட்டு நீங்காத அனுபவத்தைத் தரும்.'

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் எதையும் பார்க்க முடியவில்லை. அடையாளம், வேர், துயரம் எல்லாம் ஆய்வேட்டின் சொற்கள். ஏஜென்ட் அந்த வாரம் படித்த கடிதங்களில் பாதி இதே சொற்களில் வந்திருக்கும். ஆறு பெயர்களில் ஒன்றுகூட மனத்தில் நிற்காது. 'மனத்தை விட்டு நீங்காத அனுபவம்' என்பதைச் சொல்ல வேண்டியவர் வாசகர். எழுதியவர் தானே சொல்லிக்கொண்டால் எடுபடாது. கேள்விக்குறியோடு முடியும் வாக்கியங்களைப் பல ஏஜென்ட்டுகள் வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறார்கள். காரணம் எளிது: கேள்வி கேட்கும்போது கதை நின்றுவிடுகிறது.

அதே நாவலை இப்படிச் சொல்லிப் பார்ப்போம்:

'1974. தலைமன்னாரில் கப்பலேற நிற்கிறாள் பத்தொன்பது வயது லெட்சுமி, ஏழு மாதக் கர்ப்பிணி. தோட்டத்து லயத்தைக் காலி செய்தாகிவிட்டது. கணவன் செல்வத்தின் பெயரோ அடுத்த கப்பலின் பட்டியலில் இருக்கிறது. குடும்ப அட்டை இல்லாமல் அவள் தனியாக ஏற முடியாது. முன்பின் தெரியாத முத்தையா, மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்பவன், செத்துப்போன மனைவியின் இடத்தில் அவளை ஏற்றிக்கொள்கிறான். மண்டபம் முகாமில் அதிகாரிகள் அந்த அட்டையைப் பார்த்தே கோத்தகிரி தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீடும் இரண்டு பேருக்கு வேலையும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து செல்வம் கரையிறங்குகிறான். உண்மையைச் சொன்னால் வீடும் வேலையும் போகும். முத்தையாவும் பிள்ளைகளும் முகாமுக்குத் திரும்ப வேண்டும். சொல்லாமல் விட்டால், பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டப்படி அப்பன் வேறொருவன்.'

அடையாளமும் வேரும் சொந்த மண்ணும் இதிலும் இருக்கின்றன. யாரும் அந்தச் சொற்களைச் சொல்லவில்லை. மூன்றே பெயர்கள். மண்டபம் முகாம் என்றால் என்னவென்று நியூயார்க் ஏஜென்ட்டுக்குத் தெரியாது. 'அதிகாரிகள் வீடும் வேலையும் எழுதிக் கொடுக்கிறார்கள்' என்பதிலேயே அவர் புரிந்துகொள்வார். வரலாற்றுப் பாடம் தேவையில்லை. நம் பின்னணியில் எழுதுபவர்கள் பயந்துகொண்டு ஒப்பந்தத்தின் ஷரத்துகளையும் சாதிப் படிநிலையையும் அரசியல் பின்புலத்தையும் விளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு மனுஷியின் நெருக்கடி தெளிவாக இருந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்தி நாவலின் முடிவைச் சொல்லவில்லை. நாவல் முந்நூறு பக்கம் என்றால், அதன் முதல் மூன்றிலொரு பங்கிலோ பாதியிலோ வரும் நெருக்கடியில் நின்றுவிடுகிறது. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்ல வேண்டியது சினாப்சிஸ் எனப்படும் கதைச்சுருக்கத்தில். அது தனி ஆவணம், கேட்டால் மட்டும் அனுப்புவது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நாவல் தன்மையில் எழுதப்பட்டிருந்தாலும், கடந்த காலத்தில் ஓடினாலும், க்வெரியின் கதைப்பத்தியைப் படர்க்கையில், நிகழ்காலத்தில் எழுதுவது ஆங்கில வழக்கம்.

நான் உறுதியாக நம்பும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எத்தனை முறை எழுதியும் இந்தப் பத்தி அமையவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கடிதத்தில் இருப்பதில்லை. நாயகிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதபோது, நாவலிலும் அது நூறு பக்கத்துக்கு மங்கலாகக் கிடக்கும். அப்போது கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நாவலைத் திறப்பது நல்லது. இதையே ஒரு சோதனையாக, நாவலின் முதல் வரைவு முடிந்ததுமே செய்து பார்ப்பவர்கள் உண்டு. திருத்தி எழுத அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. நிகழ்ச்சிகளை விட்டு மனவோட்டத்திலேயே நகரும் நாவல்களுக்கு இந்த அச்சு பொருந்துமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கேயும் யாரோ ஒருவர் எங்கோ ஓர் இடத்தில் எதையோ சுமந்துகொண்டு நிற்கிறார். அந்தச் சுமை என்ன என்று சொன்னால் போதும். அத்தகைய நாவல்களுக்குக் கடிதத்தின் மொழி கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும்.

கதைக்கு முன்னாலோ பின்னாலோ ஒரே வாக்கியத்தில் சில விவரங்கள்: நாவலின் பெயர், வகை, சொல் எண்ணிக்கை. பக்கக் கணக்கு வேண்டாம், சொற்கணக்குதான். பெரியவர்களுக்கான நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை ஏஜென்ட்டுகள் கலங்காமல் படிப்பார்கள். மாயப் புனைவுக்கு 1,20,000 வரை இடம் கொடுப்பார்கள். முதல் நாவலே 1,85,000 சொற்கள் என்று எழுதினால், கதையைப் படிக்கும் முன்பே 'இன்னும் வெட்டவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். விலக்கு உண்டு. 2003-இல் ஸ்டெஃபனி மேயர் பதினைந்து க்வெரிகள் அனுப்பினார். ஒன்பது மறுப்பு, ஐந்துக்குப் பதிலே இல்லை, ஒன்றுக்கு மட்டும் 'பக்கங்களை அனுப்புங்கள்'. 'ட்வைலைட்' பதின்பருவத்தினருக்கான நாவல். ஆனால் சுமார் 1,30,000 சொற்கள். அந்த நீளம் அந்த வகைக்கு அதிகம் என்பது படித்த உதவியாளருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பின்னாளில் பேசப்பட்டது. மூன்று புத்தகங்களுக்கு ஏழரை லட்சம் டாலர் முன்பணம் கிடைத்தது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நீங்கள் நீளத்தைக் குறைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

காம்ப்ஸ் என்று ஒன்று கேட்பார்கள்: உங்கள் நாவலை விரும்பக்கூடிய வாசகர்கள் ஏற்கெனவே விரும்பிய இரண்டு புத்தகங்கள். இவை கடந்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும். நம்மவர்கள் உடனே எடுப்பது 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்'. 1997-இல் வந்து புக்கர் வாங்கிய நாவலோடு ஒப்பிட்டால், சமீபத்தில் எதையும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தமாகும். நம் கற்பனை நாவலுக்கு என்றால், 2023-இல் வெளியாகி அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைவுப் பரிசை வென்ற வி.வி.கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' பொருத்தம்: இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி, வரலாறு அவள் வீட்டுக்குள் நுழையும் விதம், முதல் பக்கத்திலிருந்தே பற்றிக்கொள்ளும் குரல். பொருத்தம் எதில் என்று அரை வாக்கியம் சேர்த்துச் சொன்னால் கூடுதல் பலன். அதற்காகவாவது புதிய புத்தகங்களைத் தொடர்ந்து படிக்க வேண்டும். தான் எழுதும் வகையில் இந்த ஆண்டு என்ன வந்தது என்று அறியாத எழுத்தாளரிடம் ஏஜென்ட்டுக்கு நம்பிக்கை பிறக்காது.

தன்னைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். சிறுகதைகள் வெளியாகியிருந்தால் பத்திரிகையின் பெயர். தமிழில் புத்தகம் வந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மற்றொரு மொழியில் வாசகர்களைப் பெற்றவர் என்பது மதிப்பான செய்தி. மென்பொருள் நிறுவனத்தில் இருபது ஆண்டு அனுபவம் என்பது நாவல் அந்த உலகைப் பற்றியதாக இருந்தால் மட்டுமே தேவை. நம் நாவலை எழுதியவரின் பாட்டி அந்தக் கப்பலில் வந்தவர் என்றால் அந்த ஒரு வரி பத்துப் பட்டங்களுக்குச் சமம். சொல்ல ஒன்றுமே இல்லையா? 'இது என் முதல் நாவல்' என்று எழுதினால் போதும். முதல் நாவலைத் தேடித்தான் அந்தக் குவியலையே படிக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் நிபந்தனை ஒன்று: நாவல் முடிந்திருக்க வேண்டும். முடித்து, ஆறவைத்து, திருத்தி, நம்பகமான இருவர் படித்துச் சொன்ன பிறகுதான் க்வெரி. 'முழுப் பிரதியையும் அனுப்புங்கள்' என்று மறுநாளே பதில் வரலாம். அப்போது பாதிதான் எழுதியிருக்கிறேன் என்றால் கதவு சாத்தப்பட்டுவிடும். கட்டுரை நூல்களுக்கு வேறு முறை. அங்கே புரபோசல் எனப்படும் திட்ட அறிக்கையும் ஓரிரு மாதிரி அத்தியாயங்களும் போதும்.

யாருக்கு அனுப்புவது? ஒவ்வோர் ஏஜென்ட்டும் தனக்கு எந்த வகை நாவல் வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்று தன் அலுவலக இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை வரிக்கு வரி படியுங்கள். அமெரிக்காவில் பொதுவாக க்வெரியோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டச் சொல்வார்கள்; இணைப்புக் கோப்பைத் திறக்கவே மாட்டோம் என்பவர்கள் உண்டு. பிரிட்டனில் சிறிய கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் என்பது வழக்கம். உங்கள் நாவலுக்கு நெருக்கமான புத்தகங்களின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். எழுத்தாளர் தன் ஏஜென்ட்டுக்கு அங்கே நன்றி சொல்லியிருப்பார். அந்தப் பெயர்களிலிருந்தே பட்டியல் தொடங்கட்டும். இந்தியாவிலும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள்: பெங்களூரில் ஜெயப்ரியா வாசுதேவன் தொடங்கிய ஜகரண்டா, ஜெய்ப்பூரில் மீட்டா கபூரின் சியாஹி, டெல்லியில் கனிஷ்கா குப்தாவின் ரைட்டர்ஸ் சைட். இந்திய ஆங்கிலப் பதிப்பகங்கள் சில நேரடியாகவும் வாங்கிப் பார்க்கின்றன. எனவே இந்திய வாசகரை மனத்தில் வைத்து எழுதிய நாவலுக்கு நியூயார்க் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாம். அது இழுக்கல்ல, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஆனால் ஐம்பது பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். ஐந்து, ஆறு பேருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். ஒருவர்கூடப் பக்கங்களைக் கேட்கவில்லை என்றால் கடிதத்தைத் திருத்த வேண்டும். பக்கங்களைக் கேட்டுப் படித்த பிறகு மறுக்கிறார்கள் என்றால் முதல் அத்தியாயங்களைத் திருத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டால் இந்தப் பாடத்தைக் கற்றுப் பயன்படுத்த ஆள் மிச்சமிருக்க மாட்டார்கள். ஒருமுறை மறுத்த ஏஜென்ட் அதே நாவலை மறுபடி பார்ப்பது அரிது.

காத்திருப்பு கொடுமையானதுதான். வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. 'இத்தனை வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று கொள்க' என்று பலர் முன்பே அறிவித்துவிடுகிறார்கள். வரும் மறுப்பும் பெரும்பாலும் அச்சடித்தாற்போன்ற நான்கு வரி. அதில் உள்ளர்த்தம் தேடி உடைந்துபோக வேண்டாம். காரணம் சொல்லி மறுத்தால் அது அபூர்வம்; பத்திரப்படுத்துங்கள். 'இன்னின்ன இடங்களை மாற்றி மறுபடி அனுப்புங்கள்' என்றால் அது பாதி வெற்றி. கேத்ரின் ஸ்டாக்கெட் 'தி ஹெல்ப்' நாவலுக்கு 60 மறுப்புகளை வாங்கினார். 61-ஆவதாக அனுப்பியதை சூசன் ரேமர் என்ற ஏஜென்ட் எடுத்துக்கொண்டார். 2009-இல் வந்த அந்த நாவல் லட்சக்கணக்கில் விற்றது. இடையில் அவர் சும்மா இருக்கவில்லை; ஒவ்வொரு மறுப்பு வந்தபோதும் நாவலைத் திருத்திக்கொண்டே இருந்தார். அந்தத் திருத்தத்தை மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

க்வெரியே எழுதாமல் உலகப் புகழ் பெற்றவர்களும் உண்டு. 1996-இல் அருந்ததி ராயின் கையெழுத்துப் பிரதி, அப்போது ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியாவில் இருந்த பங்கஜ் மிஸ்ராவிடம் போக, அவர் லண்டனுக்கு அனுப்ப, டேவிட் காட்வின் என்ற ஏஜென்ட் படித்துவிட்டு விமானம் ஏறி டெல்லிக்கே வந்து அவரைச் சந்தித்தார். அப்படி ஒரு வாசகர் வாய்ப்பது பேறு. எல்லோருக்கும் வாய்க்காது. மற்றவர்களுக்கு இருக்கும் ஒரே நேர்வழி இந்தக் கடிதம். பின்புலமும் பழக்கமும் இல்லாத ஒருவர் ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு மன்ஹாட்டனில் இருப்பவரின் மேசையை அடைய முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

அந்த நேர்வழியில் திருடர்களும் நிற்கிறார்கள். படித்துப் பார்க்கக் கட்டணம் கேட்பவர் ஏஜென்ட் அல்ல. அமெரிக்க ஏஜென்ட்டுகள் சங்கத்தின் நெறிமுறை அதைத் தடை செய்கிறது. பதிவுக் கட்டணம், 'எங்கள் எடிட்டரிடம் காசு கொடுத்துத் திருத்தினால் எடுத்துக்கொள்கிறோம்', விளம்பரச் செலவில் பங்கு, எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். புகழ்பெற்ற ஏஜென்ட்டுகளின் பெயரிலேயே போலி மின்னஞ்சல் அனுப்பி, 'உங்கள் புத்தகம் எங்களை ஈர்த்தது' என்று வலை வீசுவது இப்போது பரவியிருக்கிறது. நீங்கள் எழுதாமலேயே ஓர் ஏஜென்ட் உங்களைத் தேடி வந்து பணமும் கேட்டால், சந்தேகத்துக்கே இடமில்லை, மோசடிதான். 1998 முதல் ரைட்டர் பிவேர் என்ற அமைப்பு இத்தகையவர்களைப் பற்றி எச்சரித்து வருகிறது. யாருக்கு அனுப்பும் முன்பும் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெருமாள் முருகனின் 'பூக்குழி' ஆங்கிலத்தில் 'பயர்' என்று போய் 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. தமிழ் நாவல்களைக் கேட்கும் காதுகள் வெளியே இருக்கின்றன. மொழிபெயர்ப்பு க்வெரிக்கு முதல் தேவை, மூல ஆசிரியரிடமோ உரிமை வைத்திருக்கும் பதிப்பகத்திடமோ எழுத்தில் வாங்கிய அனுமதி. அந்த வரியைக் கடிதத்தில் கட்டாயம் சேருங்கள். கதைப்பத்திக்குச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும். கூடுதலாக, இந்த நாவல் தமிழில் எந்த இடத்தில் நிற்கிறது என்று இரண்டு வாக்கியம் வேண்டும். 'சாகித்ய அகாதெமி விருது பெற்றது' என்பதோடு நிறுத்தாமல், வாசகர்கள் அதை ஏன் இத்தனை ஆண்டுகளாகக் கைவிடவில்லை என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை எடுக்கும் ஏஜென்ட்டுகள் குறைவு. அதில் ஊக்கம் காட்டும் சிறிய பதிப்பகங்கள் நேரடியாக வாங்கிப் பார்ப்பதால் அவற்றுக்கும் இதே கடிதத்தை அனுப்பலாம். பாதி முடித்த மொழிபெயர்ப்புக்குக்கூட நிதி தரும் பென் அமெரிக்காவின் பென்/ஹைம் நிதியும் இருக்கிறது.

கடிதம் தயாரானதும், நாவலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கதைப்பத்தியை மட்டும் படிக்கக் கொடுங்கள். இலக்கியம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. 'நல்லாயிருக்கு' என்று திருப்பிக் கொடுத்தால் மறுபடி உட்கார்ந்து எழுதுங்கள். 'அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?' என்று கேட்டால், அன்றைக்கே முதல் ஐந்து பேருக்கு அனுப்பிவிடுங்கள்.